பாட்டியின் தகரப் பெட்டியை எங்கிருந்து தொடங்குவது?

மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் பாட்டி வீட்டை விற்றபோது, சாவியைக் கொடுப்பதற்கு முன் எங்களுக்குக் கிடைத்தது ஒரு சனி, ஒரு ஞாயிறு. நான் என்ன செய்தேன் தெரியுமா? கொல்லையில் உட்கார்ந்து குத்துவிளக்கையும் பித்தளை அண்டாவையும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். திண்ணையில் பாட்டியின் தங்கை தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு போட்டோவாக எடுத்து, "இது யாரு தெரியுமா, உங்க தாத்தாவுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன், பர்மாவுலேர்ந்து நடந்தே வந்தவரு" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "இருங்க சின்னப் பாட்டி, கையெல்லாம் கரி, அப்புறமா வந்து கேக்கறேன்" என்றேன். நாலு மாதத்தில் அவர் போய்விட்டார். அண்டா இப்போதும் பளபளவென்று இருக்கிறது. பெட்டியில் இருந்த 41 போட்டோவில் 19 போட்டோவில் இருப்பவர்கள் யாரென்று இன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அதனால் இதை எழுதுகிறேன். பழைய சாமான்களைப் பத்திரப்படுத்த உட்காரும் எல்லோரும் என்னைப் போலத் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். பாத்திரம் எங்கேயும் போகாது, இன்னும் நூறு வருடம் இருக்கும். அதற்கு முன்னால் துணி போகும், அதற்கும் முன்னால் காகிதமும் கலர் போட்டோவும் போகும், அவற்றுக்கு முன்னால் கேசட் நாடா போகும், எல்லாவற்றுக்கும் முன்னால் விஷயம் தெரிந்த ஆள் போய்விடுவார். எது முதலில் போகுமோ அதை முதலில் பிடியுங்கள். வேலையின் வரிசை இவ்வளவுதான்.

முதலில் ஆள்

ஸ்கேனர் வாங்குவது, ஆல்பம் வாங்குவது எல்லாம் கிடக்கட்டும். வீட்டில் 75 வயதைத் தாண்டியவர் யாராவது இருந்தால், இந்த வாரமே போட்டோக்களை எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். செல்போன் போதும். அதை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நல்ல இடத்தில் வங்கிக்கடன் வேண்டுமா என்று ஒரு அழைப்பு வந்து பதிவை அறுத்துவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள், நம் காதுக்கு அது கேட்பதே இல்லை, பதிவில் பார்த்தால் பாட்டியின் குரலைவிட அதுதான் சத்தமாக இருக்கும். அடுப்பில் குக்கர் இருக்கிற நேரம் வேண்டாம். காலையில் காபி குடித்த பிறகு ஒரு அரைமணி, முக்கால் மணி நேரம், அதற்கு மேல் இழுக்க வேண்டாம், அவர்களுக்கு அலுத்துவிடும், மறுநாள் கூப்பிட்டால் வரமாட்டார்கள்.

போவதற்கு முன் ஒவ்வொரு போட்டோவின் பின்புறமும் ஓரமாக மெல்லிய பென்சிலில் ஒரு எண் போட்டுவிடுங்கள். படத்தைக் கையில் கொடுக்கும்போது "இது 12-ஆம் படம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் நான் ஒரு தடவை என் பெரியப்பாவோடு ஒன்றரை மணி நேரம் பதிவு செய்துவிட்டு, பிற்பாடு கேட்டால் "இவன் பெரிய போக்கிரி, இவளுக்குத்தான் கடைசியில சொத்து போச்சு" என்று அருமையான கதைகளாக வருகிறது, இவன் யார் இவள் யார் என்றுதான் பிடிபடவில்லை.

"உங்க சின்ன வயசைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் "என்னத்தச் சொல்றது, கஷ்டப்பட்டோம்" என்பதோடு முடிந்துவிடும். சின்னச் சின்னதாக, கையால் தொடுகிற மாதிரி கேளுங்கள். கிணறு வீட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தது, தண்ணீர் உப்பா நல்லதா? மாட்டுக்குப் பேர் இருந்ததா? பள்ளிக்கூடத்துக்கு மதியச் சாப்பாடு எதில் எடுத்துப் போனீர்கள்? மழைக்காலத்தில் எந்த இடத்தில் ஒழுகும்? தீபாவளிக்குத் துணி யார் எடுப்பார், எந்தக் கடையில்? யாருக்கு அடி அதிகம் விழும்? கிணற்றைக் கேட்டால் கிணற்றடியில் நடந்த சண்டை வரும், சண்டையைக் கேட்டால் பேசாமல் போன ஒரு அத்தை வருவார், அப்புறம் நீங்கள் கேள்வியே கேட்க வேண்டாம். முடிந்தால் இரண்டு பெரியவர்களை ஒன்றாக உட்காரவையுங்கள். "அது 68-ல, இல்ல 70-ல, ஒனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல" என்று அவர்கள் மல்லுக்கு நிற்பார்கள் பாருங்கள், அதில் வருகிற தகவல் தனியாகக் கேட்டால் வராது. நடுவில் புகுந்து திருத்தாதீர்கள். வருடம் தப்பாகச் சொன்னாலும் சொல்லட்டும், கண்டுபிடிக்க வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

அன்றைக்கு இரவே, தூக்கம் வருவதற்குள், கேட்டதில் பத்து வரியாவது நோட்டில் எழுதிவிடுங்கள். ஆடியோவை அப்புறம் யாரும் திரும்பக் கேட்பதில்லை, நானும்தான்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரிய சிக்கல். போட்டோவின் பின்னால் பெயர் எழுதும்போது உறவுமுறையை எழுதிவைப்போம், பெயரை எழுதமாட்டோம். எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு படத்தின் பின்னால் "அண்ணி, அம்பி, சித்தி, குற்றாலம்" என்று இருக்கிறது. யாருக்கு அண்ணி? எழுதியது யார் என்று தெரிந்தால்தானே அது யார் என்று தெரியும்! என் அத்தை என் மகளுக்குப் பாட்டி முறை, அவளுடைய பிள்ளைக்குக் கொள்ளுப்பாட்டி. உறவுமுறை ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு படி நகர்ந்துவிடும், பெயர்தான் நகராது. எனவே முதலெழுத்தோடு முழுப்பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், யாருடைய மகன் அல்லது மகள், ஊர், இந்த நான்கையும் எழுதுங்கள். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று பழகிய பாட்டிமார் "அவங்க", "ஒங்க தாத்தா" என்றேதான் சொல்லுவார்கள், அவர்கள் சொல்லும்போதே பக்கத்தில் நீங்கள் பெயரைச் சொல்லித் தலையாட்டச் சொல்லுங்கள்.

நாடாவில் இருக்கிற குரல்

80-களிலும் 90-களிலும் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குக் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்பிய குடும்பங்கள் உண்டு. குழந்தை முதலில் பாடிய பாட்டு, தாத்தா படித்த திருப்புகழ், நலுங்குப் பாட்டு எல்லாம் சினிமாப் பாட்டு கேசட்டின் பி பக்கத்தில் கிடக்கும். அட்டையில் எழுதியிருப்பதை நம்பி எந்தக் கேசட்டையும் எறியாதீர்கள், எங்கள் வீட்டில் தாத்தாவின் குரல் கிடைத்தது ஒரு ஐயப்பன் பாட்டுக் கேசட்டின் கடைசி ஏழு நிமிடத்தில்.

கேசட்டை எடுத்தவுடன் முதல் வேலை, மேல் விளிம்பில் இருக்கிற இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுவது. அவை இருக்கும்வரை தவறி ரெக்கார்ட் பட்டனை அமுக்கினால் பாட்டி குரலின் மேல் உங்கள் வீட்டு டிவி சத்தம் பதிந்துவிடும். அப்புறம் கண்ணாடி ஜன்னல் வழியாக நாடாவின் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி மாதிரி ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை, நம் ஊர் ஈரத்தில் சர்வ சாதாரணம். அதை ஓட்டவே ஓட்டாதீர்கள், அந்தக் கேசட்டும் போகும், பிளேயரின் ஹெட்டில் (நாடாவைத் தொட்டுப் படிக்கிற பகுதி) ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். அவற்றைத் தனியாக எடுத்துவைத்து, கேசட் மாற்றித்தருகிற ஸ்டூடியோவில் கொடுங்கள். நாடாவை அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்துபோயிருந்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கும். கூட்டில் திருகாணி இருந்தால் திறந்து, நாடாச் சுருளை மட்டும் வேறொரு நல்ல கேசட்டின் கூட்டுக்கு மாற்றிவிடலாம், கை நடுங்காதவர்கள் செய்யுங்கள்.

நல்ல நிலையில் இருப்பதை ஓட்டுவதற்கு முன் ஒருமுறை கடைசிவரை சுற்றி, திரும்ப முதலுக்குச் சுற்றுங்கள், வருடக்கணக்கில் ஒட்டிக்கிடந்த நாடா தளரும். பிளேயரின் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ஹெட்போன் துளையிலிருந்து 3.5 மி.மீ. ஒயர் ஒன்றைக் கணினிக்குக் கொடுத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதியலாம். இப்போதைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் ஒரே துளைதான், அதற்கு யூஎஸ்பியில் செருகுகிற சவுண்டு கார்டு ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். திரையில் தெரிகிற ஒலி அலை உச்சியில் இடிக்காமல் கொஞ்சம் கீழேயே இருக்கும்படி ஒலியளவை வையுங்கள், இடித்துக் கிழிந்த குரலைச் சரிசெய்ய முடியாது. வேவ் கோப்பாகச் சேமியுங்கள், ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பிக்கு மேல் போகும், போகட்டும். உறவினர்களுக்கு அனுப்ப எம்பி3 ஆக இன்னொன்று செய்துகொள்ளுங்கள். இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலக்கோப்பில் கைவைக்காதீர்கள், இரைச்சலோடு சேர்ந்து "ச", "ஸ" எல்லாம் போய் தாத்தா பல்செட் இல்லாமல் பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

சி-60 என்றால் ஒரு பக்கம் 30 நிமிடம், சி-90 என்றால் 45. இரண்டு பக்கத்தையும் முழுக்க ஓட்டிப் பதியுங்கள், வேகமாக ஓட்டும் குறுக்குவழி கிடையாது. கல்யாண வீடியோ கேசட் இன்னும் அவசரம். அதை ஓட்டுகிற டெக்கைக் கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பான் நிறுவனம் 2016-லேயே நிறுத்திவிட்டது, இப்போது ஓடுகிறவை எல்லாம் பழசு, பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். கடையில் கொடுக்கும்போது டிவிடியில் போட்டுத் தராதீர்கள், கோப்பாகவே ஹார்டு டிஸ்கில் வேண்டும் என்று கேளுங்கள். 2005 வாக்கில் கல்யாணத்தை சிடியில் வாங்கியவர்கள் அதையும் இப்போதே கணினியில் ஏற்றிவிடுங்கள், வீட்டில் எழுதிய அந்தச் சிடிகள் பல இப்போதே படிக்க மறுக்கின்றன.

போட்டோ

எல்லோரும் தாத்தா காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம்தான் ரொம்பப் பழசு, அதை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அவசரம் கலர் படத்துக்குத்தான். கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளி, ஈரம் படாமல் இருந்தால் நெடுநாள் தாங்கும். 70, 80-களின் கலர் படத்தில் இருப்பது சாயம், இருட்டில் பூட்டிவைத்தாலும் அது தானாக வெளுக்கும், பச்சையும் நீலமும் முதலில் போய் எல்லோரும் செம்பருத்திப் பூ மாதிரி சிவந்து நிற்பார்கள். உங்கள் காதுகுத்துப் படத்தைப் பாருங்கள், புரியும்.

நெகட்டிவ் இருந்தால் விடாதீர்கள். ஸ்டூடியோக்காரர் கொடுத்த கவருக்குள் நாலு நாலாக வெட்டிய துண்டுகளாக இருக்கும். ஊட்டியில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' ஃபிலிம் சுருள்கள்கூடச் சில வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. படத்தைவிட நெகட்டிவில் விவரம் அதிகம்.

ஒட்டும் ஆல்பம் ஒன்று ஒரு காலத்தில் பிரபலம், பிசின் தடவிய அட்டை, மேலே உரிக்கிற பிளாஸ்டிக் தாள். பார்க்க அழகு, படத்துக்கு எமன். பிசின் பழுப்பேறி அட்டையோடு படத்தை ஒட்டிவைத்துவிடும். நகத்தால் நெம்பாதீர்கள். மெழுகு தடவாத டென்டல் ஃப்ளாஸ் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு, வெண்ணெயை நூலால் அறுக்கிற மாதிரி மெல்ல இழுங்கள். வரவில்லையென்றால் விட்டுவிட்டு, ஆல்பத்தில் இருக்கிறபடியே ஸ்கேன் செய்யுங்கள். ஃபிரேமின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படமும் அப்படித்தான், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிட வேண்டும். ஹாலில் மாலை போட்டுக் குங்குமம் வைத்த தாத்தா படங்கள் முக்கால்வாசி இந்த நிலையில்தான் இருக்கின்றன.

ஸ்கேனரில் சாதாரண அளவு படத்துக்கு 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்கிற அளவு), பாஸ்போர்ட் அளவுக்கு 1200. ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னல் ஓரத்தில், நேர்வெயில் படாத இடத்தில் கறுப்புத் துணி விரித்துப் படத்தை வைத்து, செல்போனை நேர்மேலே பிடித்து, ஃப்ளாஷ் போடாமல் எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரை, யாரோ எழுதிய தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும். எடுத்ததை வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கோப்புக்கு "ஐஎம்ஜி 4471" என்றே விட்டுவிடாமல் "1978-04 மன்னார்குடி கிரகப்பிரவேசம் 12" என்று வருடத்தை முதலில் போட்டுப் பெயர் வைத்தால் தானாக வரிசையில் நிற்கும்.

மூலப்படங்களை எடுத்துவைக்க பாலிபுரொப்பிலீன் உறை நல்லது. புது ரெயின்கோட் மாதிரி வாசனை அடிக்கிற பிளாஸ்டிக் உறை பிவிசி, வேண்டாம். பின்னால் பால்பாயிண்ட் பேனாவில் எழுதாதீர்கள், முன்பக்கம் தடம் விழும். பென்சில் எழுதாத வழவழப்பான படமென்றால் ஒரு காகிதக் கவரில் எழுதி அதற்குள் படத்தை வையுங்கள். இன்னொரு முக்கியமான விஷயம், எதையும் லேமினேட் செய்யாதீர்கள். என் மாமா ஒருவர் பாசத்தின் பேரில் தாத்தாவின் பள்ளிச் சான்றிதழ், இரண்டு கடிதம், ஒரு குடும்பப் படம் எல்லாவற்றையும் கொண்டுபோய் லேமினேட் செய்துகொண்டு வந்தார். சூட்டில் ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக்கை இனி யாராலும் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டுவதும் அதே கதைதான், டேப் காய்ந்து விழுந்தாலும் பழுப்புக் கறை அங்கேயே நிற்கும்.

கடிதங்களும் வருடம் கண்டுபிடிப்பதும்

இன்லேண்டு கடிதங்களை மடிப்பு விரித்து, தட்டையாக, ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள், மடிப்பிலேயே இருந்தால் அங்கேதான் கிழியும். ரப்பர் பேண்டு, குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கம்பியில் குத்திவைத்த கடிதக் கட்டு இருந்தால் பொறுமையாக மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள், அந்த வரிசையே ஒரு தகவல், கடைசியாக வந்தது மேலே இருக்கும்.

தேதி இல்லாத கடிதத்துக்குத் துப்பறிய எனக்குப் பிடித்த சில வழிகள். அஞ்சல் முத்திரை தெரிகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது, அன்றுதான் பின்கோடு வந்தது. இல்லாவிட்டால் முந்தையது என்று அடித்துச் சொல்ல முடியாது, நம் ஆட்கள் பல வருடம் அதை எழுதவே இல்லை. தபால்தலையில் அல்லது கார்டில் நயா பைசா என்று இருந்தால் 1957-க்கு அப்புறம், அணா என்று இருந்தால் அதற்கு முன். சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரியில். இப்படி இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்கினால் நாலைந்து வருடத்துக்குள் வந்துவிடலாம்.

சில பெரியவர்கள் தமிழ் வருடத்தை மட்டும் எழுதுவார்கள். "ஆனந்த வருஷம் ஆவணி 12" என்று ஒரு கல்யாணப் பத்திரிகை. வருடச் சுழற்சி 60, முதல் வருடமான பிரபவ 1987 ஏப்ரலில் தொடங்கியது, அதற்கு முந்தைய பிரபவ 1927. ஆனந்த 48-ஆவது, அப்படியென்றால் 1974 அல்லது 1914. மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பி.காம். என்றும், மின்சார வாரியத்தில் வேலை என்றும் போட்டிருந்தால் எந்த ஆனந்த என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தையிலிருந்து பங்குனி முடிய இருக்கிற தேதி மட்டும் அடுத்த ஆங்கில வருடத்தில் விழும், மார்கழியின் பின்பாதியும்கூட, அதைக் கவனியுங்கள்.

ஓலை ஜாதகமோ சுவடியோ இருந்தால் எண்ணெய் தடவுகிறேன், மஞ்சள் பூசுகிறேன் என்று இறங்காதீர்கள். மெல்லிய பிரஷ்ஷால் தூசு தட்டி, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ தஞ்சாவூரில் சரஸ்வதி மகால் நூலகத்திலோ விசாரியுங்கள்.

நனைந்துவிட்டால்

2015 டிசம்பர் முதல் தேதி சென்னையில் அடையாற்று வெள்ளம் ஊருக்குள் வந்த இரவில் எங்கள் மாமியார் வீட்டில் பீரோவின் கீழ்த்தட்டு முழுகியது. ஆல்பங்கள் அங்கேதான். நான்காம் நாள் போய் எடுத்து, அப்படியே மூடிய ஆல்பங்களாக மொட்டைமாடி வெயிலில் காயவைத்தோம். காய்ந்தது, செங்கல்லாக. ஒரு பக்கத்தையும் திறக்க முடியவில்லை.

செய்திருக்க வேண்டியது இது. நனைந்த படங்கள் ஈரமாக இருக்கும்போதே பிரிய வேண்டும், காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சேறு இருந்தால் ஒரு தாம்பாளத்தில் சுத்தமான குளிர்ந்த தண்ணீர் ஊற்றி அதில் அலசுங்கள், படப்பக்கத்தை விரலால் தொடாதீர்கள், அந்தப் பூச்சு அப்போது கஞ்சி மாதிரி இளகியிருக்கும். படம் மேலே பார்க்க, வெள்ளைத் துணியில் பரப்பி, வீட்டுக்குள்ளேயே காற்றாட விடுங்கள், வெயில் வேண்டாம். இரண்டு நாளுக்குள் செய்யாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். வீடே தண்ணீரில் மிதக்கும்போது யாருக்கு இதற்கெல்லாம் நேரம் என்றால், இடையில் பட்டர் பேப்பர் வைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, கரண்ட் இருக்கிற உறவினர் வீட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். மாதக்கணக்கில் அப்படியே இருக்கும், நிதானமாக எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம். மைப்பேனாவில் எழுதிய கடிதத்தை அலசாதீர்கள், எழுத்து கரையும், அது நேரே ஃப்ரீசருக்கு.

எங்கே வைப்பது என்பதற்கும் இதுதான் பதில். தரையோரம் வேண்டாம், வெள்ளமும் கரையானும் அங்கேதான் முதலில் வரும். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற பரண் வேண்டாம், சித்திரை வெயிலில் அது அடுப்பு. குளியலறைச் சுவரை ஒட்டியும் வேண்டாம். நடுத்தட்டு, உள்சுவர், அவ்வளவுதான். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து போட்டோ பெட்டியில் அந்துருண்டை போடுகிறார்கள், வேண்டாம், வருடத்துக்கு ஒருமுறை சரஸ்வதி பூஜைக்கு எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தட்டிப் பார்த்து வைத்தாலே போதும்.

துணி, பொம்மை

பட்டுப்புடவையை ஹேங்கரில் தொங்கவிடாமல், பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். ஜரிகை பக்கத்திலும் அந்துருண்டை ஆகாது. தூளி கட்டிய பாட்டியின் நூல்புடவையைத் துவைத்துக் கஞ்சி போட்டு வைக்காதீர்கள், கஞ்சிதான் பூச்சிக்குச் சாப்பாடு. மரப்பாச்சியிலோ சொப்புச் சாமானிலோ பொடிப்பொடியாக மாவு உதிர்ந்தால் வண்டு உள்ளே இருக்கிறது, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டு அப்புறம் திறங்கள். வண்ணம் பூசிய கொலு பொம்மைக்கு இந்த வைத்தியம் வேண்டாம், காகிதக்கூழ் பொம்மையை ஈரத்துணியாலும் துடைக்க வேண்டாம்.

செம்பில் இருக்கிற பெயர்

பாத்திரம் கடைசி என்றேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கொள்ளுப்பாட்டிக்குப் போட்டோ கிடையாது, கடிதம் கிடையாது, எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் பெயர் இந்த உலகத்தில் எழுத்தாக இருப்பது ஒரே ஒரு இடத்தில், சீர் கொடுத்த ஒரு வெண்கலச் செம்பின் கழுத்தில், புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில். உங்கள் வீட்டிலும் பாருங்கள், பெண்களின் பெயர்கள் பாத்திரத்தில்தான் இருக்கும். எடைக்குப் போட்டு நாலு எவர்சில்வர் டப்பா வாங்குவதற்கு முன், ஒவ்வொன்றையும் திருப்பி, அடி, கழுத்து, உள்விளிம்பு எல்லாம் பாருங்கள். பெயர் இருந்தால் மேலே மெல்லிய காகிதத்தை வைத்து, பென்சிலைப் படுக்கைவாட்டில் தேய்த்துப் படி எடுங்கள், சின்ன வயதில் நாலணா காசை வைத்துத் தேய்ப்போமே, அப்படி. பளபளப்புக்காக வாராவாரம் பொடி போட்டுத் தேய்க்கிற பாத்திரத்தில் அந்தப் புள்ளிகள் மழுங்கிக்கொண்டே வரும். மினுக்கிய குற்றம் எனக்கும் உண்டு, அண்டாவில் இருந்த தேதியின் ஒரு எண் இப்போது 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை.

பங்கு பிரிக்கும்போது சண்டை வரும். நகைக்கு வருவதைவிட மோசமாக ஒரு ஊறுகாய் ஜாடிக்கு வரும், ஏனென்றால் ஜாடிக்கு விலை சொல்லி ஈடுகட்ட முடியாது. படங்களின் கோப்பை எல்லோருக்கும் முழுசாகக் கொடுத்துவிடுங்கள், அது பாதிச் சண்டையைத் தீர்க்கும். பொருளை யார் எடுத்துப்போனாலும், போவதற்கு முன் அதைப் போட்டோ எடுத்து, யாருடையது, எதற்குப் பயன்பட்டது, இப்போது யார் வீட்டில் என்று மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது, இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் உரலை எங்கே வைப்பது? என்னுடைய ரேங்க் கார்டுகளில் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிட்டேன், அந்த இரண்டில் ஒன்று கணக்கில் 23 வாங்கியது, பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக விட்டிருக்கிறேன்.

கோப்புகளுக்கு மூன்று நகல். கணினியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கிற தங்கை வீட்டிலோ இணையத்திலோ ஒன்று. பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபிதான், அதில் உங்கள் மின்னஞ்சலும் சேர்த்தி. யாருக்காவது கடவுச்சொல்லைச் சொல்லிவையுங்கள்.

யாரென்று தெரியாத படங்களை எறியாதீர்கள். வாரத்துக்கு ஒன்றாகக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடுங்கள், பத்தாகப் போட்டால் ஒருவரும் பார்ப்பதில்லை. அப்படிப் போட்டதில்தான், எங்கள் 19-ல் ஒன்றைப் பார்த்துவிட்டு, திருவாரூரில் இருக்கிற ஒரு பெரியப்பா, பின்பக்கத்தையும் அனுப்பு என்றார். நான் பின்பக்கத்தைக் கவனிக்கவே இல்லை. மங்கிய ஊதா முத்திரை ஒன்று, ரங்கூன் என்று மட்டும் படிக்க முடிகிறது, ஸ்டூடியோ பெயர் அழிந்திருக்கிறது. வெள்ளைச் சட்டை, கைலி, இருபத்தைந்து வயது இருக்கும், கையில் ஒரு குடை. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது நடந்தே கிளம்பிய லட்சக்கணக்கான பேரில் சின்னப் பாட்டி சொன்னவர் இவராக இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். கவரின் மேல் "14-ஆம் படம். ரங்கூனில் எடுத்தது. ஒருவேளை தாத்தாவின் ஒன்றுவிட்ட அண்ணன், பெயர் தெரியவில்லை" என்று பென்சிலில் எழுதி, தேதி போட்டு வைத்திருக்கிறேன்.